டிராக் ரேஸ் ஓடுன பழைய ஹாட் ராடை அதோட கதையை அழிக்காம திரும்ப ஓட வைக்கிறது எப்படி

பழைய ஹாட் ராட் ஒண்ணு, அதாவது வேகத்துக்காக மாத்தியமைச்ச பழைய அமெரிக்க கார், அதுவும் ஒரு காலத்துல டிராக் ரேஸ்ங்கிற நேர்கோட்டு வேகப் போட்டி ஓடுன வண்டி, உங்க கைக்கு வந்துச்சுன்னா முதல்ல செய்ய வேண்டியது எதையும் கழட்டாம, கழுவாம, பாலிஷ் போடாம அப்படியே விட்டு வைக்கிறதுதான். கை பரபரக்கும், தெரியும். ஆனா இந்த மாதிரி வண்டியில டேஷ்போர்டுல இருக்கிற ஓட்டை, கதவுல மங்கிப்போன எழுத்து, ஃப்ரேம்ல யாரோ அவசரமா அடிச்ச வெல்டிங் எல்லாமே சாட்சி. புதுசா பெயிண்ட் அடிச்சு குரோம் போட்டு மினுமினுன்னு நிறுத்துறதுக்கு காசு இருந்தா யாராலயும் முடியும், இன்னைக்கு 1932 ஃபோர்டு பாடியே புதுசா இரும்புல அடிச்சு விக்கிறாங்க. 1950கள்ல ஒரு சனி ஞாயிறு ஸ்ட்ரிப்ல, அதாவது டிராக் ரேஸ் பாதைல, ஓடி ஜெயிச்ச வண்டின்ற விஷயத்தை மட்டும் யாராலயும் புதுசா செஞ்சு குடுக்க முடியாது, அதை ஒரு தடவை உப்புத்தாள் வெச்சு தேய்ச்சுட்டா முடிஞ்சுது.

நான் இங்க உதாரணத்துக்கு எடுத்துக்கிறது 1932 ஃபோர்டு கூப், ரெண்டு கதவு வெச்ச மூடுன கார். அமெரிக்காவுல, முக்கியமா கலிஃபோர்னியாவுல, இதை ட்யூஸ்னு சொல்லுவாங்க. வேற வண்டியா இருந்தாலும், வில்லிஸ், 1934 ஃபோர்டு, 1940 ஃபோர்டு, 1955 ஷெவி (ஷெவர்லே) எதுவா இருந்தாலும், வேலை செய்ற வரிசை இதேதான்.

வண்டியைப் படிக்கத் தேவையான அளவு சரித்திரம்

1932ல ஃபோர்டு முதல் தடவையா சாதாரண ஆளு வாங்குற விலையில வி8 இன்ஜின் குடுத்தாங்க, ஃப்ளாட்ஹெட் (வால்வு ஹெட்ல இல்லாம பிளாக்லயே இருக்கிற வகை), 221 கியூபிக் இஞ்ச், 65 குதிரைசக்தி. இரண்டாம் உலகப்போர் முடிஞ்சு திரும்பி வந்த பசங்களுக்கு அந்த வண்டிங்க செகண்ட் ஹேண்ட்ல கொள்ளை மலிவா கிடைச்சுது, மட்கார்டைக் கழட்டி எடையைக் குறைச்சு இன்ஜின் சக்தியை ஏத்தி முதல்ல வறண்ட ஏரிப் படுகைல ஓட்டுனாங்க, அப்புறம் சும்மா கிடந்த ஏர்ஸ்ட்ரிப்ல. 1950ல சான்டா ஆனாவுல ஆரஞ்ச் கவுன்டி ஏர்போர்ட் ஓடுபாதைல காசு வாங்கி ஒழுங்கா டிராக் ரேஸ் நடத்த ஆரம்பிச்சாங்க, 1951ல வாலி பார்க்ஸ் என்.எச்.ஆர்.ஏ.ன்ற தேசிய ஹாட் ராட் சங்கத்தை ஆரம்பிச்சாரு, 1953ல போமோனாவுல அவங்களோட முதல் ரேஸ், 1955ல கேன்சஸ் மாநிலம் கிரேட் பென்ட்ல முதல் நேஷனல்ஸ், அதாவது தேசியப் போட்டி. தூரம் கால் மைல், 1,320 அடி, நம்ம கணக்குல 402 மீட்டர். நின்ன இடத்துலேருந்து ரெண்டு வண்டி, யாரு முன்னாடி போய் சேர்றாங்களோ அவங்க ஜெயிச்சாங்க.

இந்த வருஷங்களை ஏன் சொல்றேன்னா, "இது 1948லேயே டிராக் ஸ்ட்ரிப்ல ட்ரோஃபி வாங்குன வண்டி"ன்னு ஒருத்தர் சொல்லி வித்தா உடனே உங்க காது நிமிரணும். அதே மாதிரி பழைய போட்டோல ஸ்டார்ட் லைன்ல கொடி வெச்சுக்கிட்டு ஒருத்தர் குதிக்கிறாரா, இல்ல கிறிஸ்மஸ் ட்ரீன்னு சொல்ற லைட் கம்பம் நிக்குதான்னு பாருங்க. அந்த லைட் பெரிய ரேஸ்ல வந்தது 1963ல, அதனால லைட் இருந்தா போட்டோ அதுக்கு அப்புறம் எடுத்தது. கொடி இருந்தா மட்டும் பழசுன்னு முடிவு பண்ணிடாதீங்க, சின்ன ஸ்ட்ரிப்ல அதுக்கு அப்புறமும் கொடிதான் ஓடுச்சு.

கதவுலயோ கண்ணாடிலயோ ஒரு நம்பரும் பக்கத்துல பி/ஜி மாதிரி எழுத்தும் இருந்தா அது கிளாஸ். 'ஜி'ன்னு இருந்தா கேஸ், அதாவது பம்ப்ல கிடைக்கிற பெட்ரோல்ல ஓடுன வண்டி, முன்னாடி இருக்கிற ஏ, பி, சி எல்லாம் வண்டி எடையை இன்ஜினோட கியூபிக் இஞ்சால வகுத்து வர்ற கணக்கு. எஸ்.ஆர்.னு இருந்தா ஸ்ட்ரீட் ரோட்ஸ்டர், கூரை இல்லாத வண்டி. இந்த எழுத்தை வெச்சே வண்டில அப்போ எவ்ளோ பெரிய இன்ஜின் இருந்திருக்கும்னு ஓரளவு கணக்கு போட முடியும், அதனாலதான் மங்கலா ஒரு எழுத்து தெரிஞ்சாலும் துடைக்காதீங்கன்னு தலையால அடிச்சுக்கிறேன்.

போட்டோ, அப்புறம் ஓட்டைங்க

நல்ல பகல் வெளிச்சத்துல வண்டியைச் சுத்தி எடுங்க, அப்புறம் ராத்திரி லைட்டை எல்லாம் அணைச்சுட்டு ஒரே ஒரு டார்ச்சை பாடி மேல ஒட்டுன மாதிரி சாய்ச்சுப் புடிச்சு எடுங்க. மேல அடிச்ச பெயிண்ட்டுக்கு அடியில புதைஞ்சிருக்கிற எழுத்தோட விளிம்பு அந்த சாய்ஞ்ச வெளிச்சத்துல நிழல் விட்டு தெரியும், நேர் வெளிச்சத்துல சத்தியமா தெரியாது. பாடில எங்கெங்க பட்டி இருக்குன்னு ஒரு சின்ன காந்தத்தை மெல்லிசு துணில சுத்தி வெச்சுப் பாருங்க. பழைய ஹாட் ராட் பசங்க மேற்கூரையை வெட்டி இறக்கும்போது ஜாயின்ட்ல பட்டிக்கு பதிலா ஈயம் உருக்கி ஊத்துவாங்க, அதனால சாம்பல் நிறத்துல கனமா ஏதாவது தெரிஞ்சா அது அந்தக் காலத்து வேலையா இருக்க வாய்ப்பு அதிகம், அதை காய வெச்சு தேய்க்கவே தேய்க்காதீங்க, ஈயத் தூள் நுரையீரலுக்குப் போயிடும்.

அப்புறம் ஓட்டைங்களைப் படிக்கணும், எனக்கு இந்த வேலையிலேயே ரொம்ப புடிச்ச பகுதி இது. ஸ்டீரிங் காலம் மேலயோ டேஷ் மேலயோ இருக்கிற ஓட்டை இன்ஜின் சுத்துற வேகம் காட்டுற டேக்கோமீட்டருக்கு. டேஷ்ல டிரைவர் கைக்கு எட்டுற இடத்துல பெருசா ஒண்ணு இருந்தா பெட்ரோல் டேங்க்ல காத்து அடிக்கிற ஹேண்ட் பம்ப் இருந்திருக்கலாம், மூன் டேங்க் மாதிரி முன்னாடி மாட்டுற சின்ன டேங்க்கு அந்த பம்ப் வேணும். முன்னாடி ஃப்ரேம் கொம்புலயோ ஆக்சில்லயோ காது மாதிரி வெல்டிங் பண்ண தகடு இருந்தா அது டோ பார் மாட்டுனது, ரேஸுக்கு இன்னொரு காருக்குப் பின்னாடி கட்டி இழுத்துக்கிட்டு போயிருக்காங்கன்னு அர்த்தம். பின் வீல் வளைவு வெட்டி அகலமாக்கியிருந்தா ஸ்லிக், அதாவது பட்டன் இல்லாத வழுவழு ரேஸ் டயர் போட்டிருக்காங்க. ஃப்ரேம் பின்பக்கம் கனமான இரும்புக் கட்டி மாட்டுன போல்ட் ஓட்டை இருந்தா பின் சக்கரத்துக்கு புடிப்பு கிடைக்க எடை ஏத்தியிருக்காங்க. ஃப்ளோர் ஓரமா வெட்டிப் போட்ட பைப் அடிமரம் மாதிரி நின்னா அங்க ரோல் பார், அதாவது வண்டி கவுந்தா டிரைவரைக் காக்குற பைப் வளைவு, இருந்துச்சு. ஒவ்வொரு ஓட்டைக்கும் விட்டம் அளந்து, அது எதுக்குன்னு தெரிஞ்சாலும் தெரியலைன்னாலும், ஒரு நோட்ல படம் போட்டு வெச்சுக்கோங்க. பின்னாடி ஒரு போட்டோ கிடைக்கும்போது இந்த நோட்தான் உங்களைக் காப்பாத்தும்.

ஒரு விஷயம், மூக்கு வானத்தைப் பாத்து நிக்கிற மாதிரி முன்பக்கம் தூக்கி வெச்ச கேஸர் (கேஸ் கிளாஸ் வண்டி) லுக் இப்ப ஃபேஷன். அது பெரும்பாலும் 60கள்ல வந்தது, கிளம்பும்போது எடை பின்னாடி சாயறதுக்காக. 50கள்ல ஓடுன வண்டின்னு சொல்லிட்டு அப்படி நின்னா யாராவது பின்னாடி மாத்தியிருக்காங்களான்னு ஸ்ப்ரிங் மவுன்ட் வெல்டிங்கைப் பாருங்க.

நம்பர் பாக்குறது

32 ஃபோர்டுக்கு நம்பர் இடது பக்க ஃப்ரேம் ரெயில் மேல்பக்கம் மூணு இடத்துல அடிச்சிருப்பாங்க. ஒண்ணு முன்னாடி, பானட் திறந்தா பாக்கக்கூடிய இடத்துல, மத்த ரெண்டும் பாடிக்கு அடியில, பாடியைத் தூக்குனாத்தான் தெரியும். வி8 வண்டின்னா 18ன்னு ஆரம்பிக்கும். ஃபேக்டரில இதே நம்பர் கிளட்ச் ஹவுசிங் மேலயும் இருந்துச்சு, ஆனா ரேஸ் வண்டில கியர்பாக்ஸ் எத்தனையோ தடவை மாறியிருக்கும், அதனால அது ஒத்துப் போகலைன்னா பதறாதீங்க. ஃப்ரேம் நம்பர் உரிமைப் பத்திரத்தோட ஒத்துப் போறதுதான் முக்கியம். அமெரிக்காவுல சில மாநிலங்கள்ல அந்தக் காலத்துல இன்ஜின் நம்பரை வெச்சே பத்திரம் குடுத்தாங்க, இன்ஜின் மாறிப் போனதும் பத்திரம் ஒண்ணு சொல்லும் வண்டி ஒண்ணு சொல்லும். இந்த சிக்கல் இருந்தா காசு குடுக்குறதுக்கு முன்னாடியே அந்த மாநில மோட்டார் வாகன ஆபீஸ்ல கேட்டு தீர்த்துக்கோங்க. நம்பர் இருக்கிற இடத்துல கிரைண்டரோ வெல்டிங்கோ மணல் அடிக்கிற மெஷினோ பக்கத்துலயே வரக்கூடாது. துரு இருந்தா பென்ட்ரேட்டிங் ஆயில் விட்டு பித்தளை ப்ரஷ்ல மெதுவா, அவ்ளோதான்.

இன்ஜின் என்னன்னு கண்டுபுடிக்கணும்னா, ஃப்ளாட்ஹெட்டுன்னா முதல்ல ஹெட்ல எத்தனை ஸ்டட்னு எண்ணுங்க. ஆரம்ப காலத்து ஹெட்டுக்கு 21, பின்னாடி வந்ததுக்கு 24. 1949லேருந்து 53 வரைக்கும் வந்ததுல டிஸ்ட்ரிப்யூட்டர் ஓரமா நிமிந்து நிக்கும், அதுக்கு முந்தினதுல கேம்ஷாஃப்ட் முனையில நேரா முன்னாடி மாட்டியிருக்கும். ரேஸ் பசங்களுக்கு ரொம்ப புடிச்சது மெர்க்குரியோட 255, அதோட கிராங்க் ஸ்ட்ரோக் 4 இஞ்ச். ஷெவி ஸ்மால் பிளாக்கா இருந்தா, 1955ல 265 ஆ வந்து 57ல 283 ஆனது, பிளாக் பின்பக்கம் கியர்பாக்ஸ் சேர்ற விளிம்புல வார்ப்பு தேதி இருக்கும். ஒரு எழுத்து மாசத்துக்கு, 'ஏ'ன்னு இருந்தா ஜனவரி, அப்புறம் தேதி, கடைசியில வருஷத்தோட ஒரே ஒரு இலக்கம். சி 15 7ன்னு இருந்தா மார்ச் 15, ஆனா 57ஆ 67ஆன்னு வார்ப்பு நம்பரையும் சேர்த்துப் பாத்துதான் சொல்ல முடியும். 1958ல ரேஸ் விட்டுட்டு ஷெட்ல நிறுத்துன வண்டின்னு கதை சொல்லி உள்ள 67 பிளாக் இருந்தா அது பொய்னு மட்டும் அர்த்தம் இல்ல, யாராவது நடுவுல மாத்தியிருக்கலாம், ஆனா கேள்வி கேக்க வேண்டிய இடம் அது.

உண்மையிலேயே ஓடுச்சான்னு நிரூபிக்கிறது

ரேஸ் ஓடுன வண்டிக்கும் ரேஸ் ஓடுன மாதிரி செஞ்ச வண்டிக்கும் விலையில பெரிய வித்தியாசம், அதனால போலி நிறைய. ஸ்டோன் வுட்ஸ் குக் அணியோட 41 வில்லிஸ் மாதிரி பேர் வாங்குன வண்டிங்களைப் பாத்து எத்தனையோ பேர் அதே மாதிரி செஞ்சிருக்காங்க, ஆசைக்கு செஞ்சா தப்பே இல்ல, அதையே அசல்னு விக்கும்போதுதான் தப்பு.

நம்பிக்கையான சாட்சின்னா வரிசையா சொல்றேன். ஸ்ட்ரிப்ல எடுத்த போட்டோ, அதுவும் பின்னாடி தேதி ஸ்டாம்ப் இருந்தா இன்னும் நல்லது. டைம் ஸ்லிப், அதாவது ஒவ்வொரு ஓட்டத்துக்கும் குடுக்குற சின்னக் காகிதம். ட்ரோஃபி, ஆனா ட்ரோஃபில பெரும்பாலும் கிளாஸும் ஸ்ட்ரிப் பேரும்தான் இருக்கும் வண்டி எதுன்னு இருக்காது, அதனால தனியா அது ஒண்ணுமே நிரூபிக்காது. கண்ணாடி ஓரத்துல ஒட்டுன டெக் இன்ஸ்பெக்‌ஷன் (ரேஸுக்கு முன்னாடி வண்டியைப் பரிசோதிக்கிறது) ஸ்டிக்கர். அப்புறம் விளம்பர ஸ்டிக்கர், இஸ்கெண்டேரியன் கேம், எடல்ப்ராக் மேனிஃபோல்டு இந்த மாதிரி, அதை இன்னைக்கும் புதுசா அச்சடிச்சு விக்கிறாங்கன்றதால கடைசி இடம்.

போட்டோ கிடைச்சதும் வண்டியோட நிறத்தையோ நம்பரையோ வெச்சு ஒப்பிடாதீங்க, அதைத்தான் போலி பண்றவன் முதல்ல சரியா செய்வான். யாரும் யோசிக்காததை ஒப்பிடுங்க. பானட்ல லூவர் (காத்து போக வெட்டி மடிச்ச பிளவு) எத்தனை, அதுல கடைசி லூவர் கோணலா இருக்கா, கதவு கீழ் மூலைல இருக்கிற நெளிவு, வெட்டுன வீல் வளைவோட வடிவம், டோ பார் காதுல ரெண்டு ஓட்டையா மூணு ஓட்டையா. இங்கதான் அந்த ஓட்டை நோட் வேலைக்கு வரும்.

பழைய ஆட்களைத் தேடிப் போறதை தள்ளிப் போடாதீங்க, 1958ல இருபது வயசுன்னா அவங்களுக்கு இப்ப என்ன வயசுன்னு நீங்களே பாத்துக்கோங்க. லயன்ஸ் ஸ்ட்ரிப் 1955ல திறந்து 1972ல மூடிட்டாங்க, அங்க ஓடுன ஆட்களோ அவங்க குடும்பமோதான் இப்ப மிச்சம். பேக்கர்ஸ்ஃபீல்ட் பக்கத்துல ஃபமோசோ ஸ்ட்ரிப்ல 1959ல ஆரம்பிச்ச மார்ச் மீட், போமோனாவுல 1998ல திறந்த வாலி பார்க்ஸ் மியூசியம், இந்த மாதிரி இடத்துல விசாரிச்சா ஒருத்தர் இன்னொருத்தரைக் காட்டி விடுவாரு. பேசும்போது உங்க வண்டி போட்டோவை முதல்லயே காட்டி "இதுதானே உங்க வண்டி?"ன்னு கேட்டுடாதீங்க, வயசானவங்க உங்க சந்தோஷத்துக்காகவே ஆமான்னு சொல்லிடுவாங்க. "உங்க வண்டில டேஷ் எப்படி இருந்துச்சு, பின்னாடி எடை எங்க வெச்சீங்க, பெட்ரோல் டேங்க் எங்க இருந்துச்சு"ன்னு அவங்களை சொல்ல விடுங்க, பதிவு பண்ணிக்கோங்க, போட்டோவை கடைசியா காட்டுங்க. டேங்க் இருந்த இடத்தைப் பத்தி அவரு சொல்றதும் உங்க நோட்ல இருக்கிற ஓட்டையும் ஒண்ணா வந்து நிக்கும்போது வர்ற சந்தோஷம் வேற எதுலயும் இல்ல.

பெயிண்ட்டும் எழுத்தும்

மேல யாரோ ஸ்ப்ரே கேன்ல அடிச்ச கோட் இருக்கு, அடியில பழைய லேக்கரும் சைன் பெயின்டர் கையால எழுதுன எழுத்தும் இருக்குன்னு வெச்சுக்குவோம். எல்லாரும் முதல்ல தேடுறது தின்னர். வேண்டாம். பழைய லேக்கர் எத்தனை வருஷம் ஆனாலும் லேக்கர் தின்னர்ல கரையும், அடி கோட் கரைஞ்சா எழுத்தும் சேர்ந்து போயிடும். அடியில என்ன பெயிண்ட்னு தெரிஞ்சுக்கணும்னா கதவு உள் விளிம்பு மாதிரி யாரும் பாக்காத இடத்துல பஞ்சுல ஒரு சொட்டு வெச்சுப் பாருங்க, பஞ்சுல நிறம் வந்தா லேக்கர், சுருங்கி மடிஞ்சா எனாமல்.

முதல்ல வெறும் தண்ணியும் லேசான சோப்பும். அடுத்து மென்மையான பாலிஷ், ஒரு தீப்பெட்டி அளவு இடத்துல மட்டும். அதுலயும் மேல் கோட் வரலைன்னா 2000 நம்பர் வாட்டர் பேப்பர், நிறைய தண்ணி விட்டு, விரலால அழுத்தாம ஒரு சின்ன ரப்பர் துண்டு வெச்சு. எழுத்தோட நிறம் லேசா தெரிய ஆரம்பிச்ச உடனே நிறுத்திடணும், முழுசா பளிச்னு வர்ற வரைக்கும் போகலாம்னு நினைச்சா எழுத்தைத் தாண்டி போயிருவீங்க. சில வண்டில எழுத்தே போயிருக்கும் ஆனா எழுத்து இருந்த இடத்துல மட்டும் அடி நிறம் வெயில் படாம அடர்த்தியா இருக்கும், அந்த நிழலே போதும், தயவு செஞ்சு அது மேல புதுசா எழுதாதீங்க. ரொம்ப ஆசையா இருந்தா பழைய போட்டோவைப் பாத்து ஒரு தகடுல எழுதி ஷெட் சுவத்துல மாட்டுங்க.

துரு மட்டும் பரவாம நிறுத்தணும், அதுக்கு மெழுகு மாதிரி கோட்டிங் போதும், உள் பக்கம் ஃப்ரேம் பெட்டிக்குள்ள துரு தடுக்கிற ஆயில் அடிச்சு விடலாம்.

உயிரோட விளையாடக்கூடாத இடம்

மேல சொன்ன "தொடாதீங்க" எல்லாம் பாடிக்கும் பெயிண்ட்டுக்கும்தான். ஸ்டீரிங், ப்ரேக், ஆக்சில், வீல், ஃப்ளைவீல் இந்த அஞ்சுலயும் அந்தப் பேச்சே கிடையாது, சந்தேகம் இருந்தா கழட்டி மாத்துங்க, பழசை பேர் எழுதி பெட்டில போட்டு வண்டியோடவே வெச்சுக்கோங்க. இந்த வண்டி கால் மைல் நேரா ஓடி நிக்கிறதுக்கு செஞ்சது, வளைவும் குழியும் சிக்னலும் அதுக்குத் தெரியாது.

ஃப்ளைவீல்லேருந்து ஆரம்பிக்கிறேன், யாரும் இதைப் பாக்குறதில்ல. அந்தக் காலத்துல எடை குறையணும்னு சாதாரண வார்ப்பிரும்பு ஃப்ளைவீலையே லேத்துல கடைஞ்சு மெல்லிசாக்குவாங்க. அது அதிக ஆர்.பி.எம்ல வெடிச்சா துண்டுங்க ஃப்ளோரைப் பிச்சுக்கிட்டு டிரைவர் கால் வழியா வரும், அதுக்காகத்தான் ஸ்கேட்டர் ஷீல்டுன்னு கனமான இரும்புக் கவசமே வந்துச்சு. கடைஞ்ச வார்ப்பிரும்பு ஃப்ளைவீல் இருந்தா அதை சுவத்துல மாட்டுங்க, வண்டிக்கு புது ஸ்டீல் ஃப்ளைவீல். பழைய கிளட்ச் தகடு, ப்ரேக் லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், கம்ப்ரசர் காத்து அடிச்சு சுத்தம் பண்ணாதீங்க, ஈரத் துணிதான்.

ஸ்டீரிங் பாகத்துல குரோம் போட்டிருந்தா கூடுதலா பயப்படணும். குரோம் பூசும்போது இரும்புக்குள்ள ஹைட்ரஜன் ஏறி அதை நொறுங்குற மாதிரி ஆக்கும், பூசுன உடனே சூட்டுல வெச்சு அதை வெளியேத்தணும், அந்தக் காலத்துல எத்தனை பேர் செஞ்சிருப்பாங்க? ஸ்டீரிங் ஆர்ம், ஸ்பிண்டில், ஓட்டை போட்டு இலேசாக்குன ஐ பீம் ஆக்சில், ரெண்டா வெட்டிப் பிரிச்ச விஷ்போன் (ஆக்சிலைப் புடிச்சு நிறுத்துற வி வடிவ கம்பி) வெல்டிங் எல்லாத்தையும் கழட்டி மேக்னா ஃப்ளக்ஸ் டெஸ்ட்டுக்கு குடுங்க. கண்ணுக்குத் தெரியாத கீறல் அதுல தெரியும். கிங் பின், அதாவது முன் வீல் திரும்புற அச்சு, பாக்க ஜாக்கி போட்டு, கீழ ஸ்டாண்டும் வெச்சுட்டு, வீலை மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டுங்க, ஆட்டம் இருந்தா புஷ் மாத்தணும். முன் ஆக்சில் கேஸ்டர், அதாவது கிங் பின் பின்னாடி சாயற கோணம், 5லேருந்து 7 டிகிரி வரைக்கும் இருக்கணும், கம்மியா இருந்து கிங் பின்னும் தேஞ்சிருந்தா ஒரு சின்ன குழில ஏறுன உடனே முன் வீல் ரெண்டும் படபடன்னு அடிச்சுக்கும், கை கழண்டுடும் போல இருக்கும்.

ப்ரேக்ல சொல்றதுக்கு ஒண்ணே ஒண்ணுதான், நாலு வீலுக்கும் வேணும். ரேஸுக்காக முன் ப்ரேக்கைக் கழட்டுன வண்டி நிறைய இருக்கு. 32ல அசலா வந்தது ராட் இழுக்குற மெக்கானிக்கல் ப்ரேக், ஃபோர்டு ஹைட்ராலிக் குடுத்ததே 1939லதான், அதனால அப்பவே பசங்க 39லேருந்து 48 வரைக்குமான ஃபோர்டு ஹைட்ராலிக் ப்ரேக்கை இதுல மாட்டிக்கிட்டாங்க. நீங்களும் அதையே போட்டா காலத்துக்கும் பொருந்தும், பாகமும் கிடைக்கும். ஹோஸ், வீல் சிலிண்டர், லைன் எல்லாம் புதுசு, மாஸ்டர் சிலிண்டரை மட்டும் டூயல் சர்க்யூட்டா (ரெண்டு தனித்தனி லைனா) கண்ணுக்குத் தெரியாம ஃப்ளோருக்கு அடியில வெச்சுக்கோங்க, பழசுல ஒரு இடத்துல லீக் ஆனா மொத்த ப்ரேக்கும் போயிடும்.

ஹாலிப்ராண்ட் மாதிரி மெக்னீசியம் வீல் இருந்தா அது பொக்கிஷம், ஆனா மெக்னீசியம் உள்ளுக்குள்ள அரிக்கும். டை பென்ட்ரன்ட்னு சிவப்பு சாயம் வெச்சு கீறல் பாக்குற டெஸ்ட் பண்ணிட்டு, தேறினாலும் ரோட்டுக்கு வேற இரும்பு வீல் வெச்சுக்கிட்டு இதை ஷோவுக்கு மட்டும் மாட்டுங்க. அதை கிரைண்டர்ல தேய்க்காதீங்க, தூள் தீப்புடிச்சா தண்ணி ஊத்தி அணைக்க முடியாது, இன்னும் கொழுந்துவிட்டு எரியும். பழைய ஸ்லிக் டயர் கல்லு மாதிரி இறுகியிருக்கும், அதுவும் பாக்குறதுக்கு மட்டும்தான்.

இன்ஜினை எழுப்புறது

சாவியைத் திருப்பிப் பாக்கலாம்னு யாராவது பக்கத்துல நின்னு சொல்லுவாங்க, கேக்காதீங்க. எல்லா ஸ்பார்க் ப்ளக்கையும் கழட்டி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளயும் கொஞ்சம் பென்ட்ரேட்டிங் ஆயில் விட்டு சில நாள் ஊற விடுங்க. நடுவுல போரோஸ்கோப்னு சொல்ற குட்டி கேமரா விட்டு உள்ள துரு எப்படின்னு பாருங்க, இப்ப மொபைல்லயே மாட்டுற மாதிரி மலிவா கிடைக்குது. ஆயில் பேனைக் கழட்டி அடியில தங்கியிருக்கிற கசடை வாரி எடுங்க, அதுல உலோகத் துகள் இருந்தா ஸ்டார்ட் பண்ற பேச்சையே விட்டுட்டு இன்ஜினைப் பிரிக்கணும். எல்லாம் நல்லா இருந்தா கிராங்க் முனையில நீளமான ஹேண்டில் மாட்டி கையால மெதுவா சுத்துங்க, எங்கயாவது புடிச்சா வலுக்கட்டாயம் பண்ணாதீங்க, ஃப்ளாட்ஹெட்ல பெரும்பாலும் வால்வுதான் கைடுல ஒட்டிக்கும்.

ஃப்ளாட்ஹெட்டோட பலவீனம் பிளாக் கீறல். எக்ஸாஸ்ட் வெளிய போற வழி பிளாக்குக்கு நடுவுல தண்ணி சுத்துற இடம் வழியாவே போகுது, ஒவ்வொரு பக்கமும் நடுவுல இருக்கிற ரெண்டு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே வழி, அதனால பயங்கர சூடு. வால்வு சீட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவுலயும், ஸ்டட் ஓட்டைகிட்டயும் கீறல் விடும். ரேஸ் ஓடுன பிளாக்குன்னா பணம் போடுறதுக்கு முன்னாடி பிரஷர் டெஸ்ட் கட்டாயம்.

மெத்தனால்ல ஓடுன இன்ஜின்னா கார்புரேட்டர், இன்ஜெக்டர்ல அலுமினியம் மேல வெள்ளை வெள்ளையா பொடி பூத்திருக்கும், ரப்பர் எல்லாம் மாத்தணும். நைட்ரோ (நைட்ரோமீத்தேன்ற ரேஸ் எரிபொருள்) போட்டு ஓட்டியிருந்தாங்கன்னா கிராங்க், ராட் எல்லாத்துலயும் கீறல் தேடணும். இங்க ஒரு காலக் கணக்கும் இருக்கு, என்.எச்.ஆர்.ஏ. 1957ல நைட்ரோவைத் தடை பண்ணிட்டு 60களோட முன்பாதியிலதான் திரும்ப விட்டாங்க, ஆனா மத்த ஸ்ட்ரிப்ல அந்த நேரத்துலயும் ஓடுச்சு.

ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி பேரிங்குக்கு ஆயில் போகணும். ஷெவில டிஸ்ட்ரிப்யூட்டரைத் தூக்கிட்டு ட்ரில் மெஷின்ல ஆயில் பம்பைச் சுத்தலாம். ஃப்ளாட்ஹெட்ல பம்ப் கேம்ஷாஃப்ட் கியர்ல ஓடுறதால அது முடியாது, ஆயில் பிரஷர் மீட்டர் மாட்டுற ஓட்டை வழியா காத்தழுத்தம் வெச்ச டப்பாலேருந்து ஆயிலை உள்ள தள்ளணும். ஜிங்க் அதிகமா இருக்கிற ஆயில் போடுங்க, இந்தக் கால ஆயில்ல அது கம்மி, பழைய டேப்பட்டும் கேமும் தேஞ்சுடும். ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டருங்க எரியற வரிசை, ஃபோர்டு ஃப்ளாட்ஹெட்டுக்கு 1-5-4-8-6-3-7-2, ஷெவிக்கு 1-8-4-3-6-5-7-2, சிலிண்டருக்கு நம்பர் போடுற முறையே ரெண்டுலயும் வேற, ஃபோர்டுல வலது பக்கம் முன்னாடிலேருந்து 1 முதல் 4, இடது பக்கம் 5 முதல் 8. அசல் ஃபோர்டு வயரிங் 6 வோல்ட், பாசிட்டிவ் பக்கம்தான் பாடில எர்த், பழக்கத்துல மாத்திக் குடுத்துடாதீங்க. பழைய டேங்க்லேருந்து பெட்ரோல் எடுக்காம தனியா சின்ன கேன் வெச்சு, பக்கத்துல தீயணைப்பானோட, வெளிய இழுத்து நிறுத்தி ஸ்டார்ட் பண்ணுங்க.

ரோட்டுக்கு ஏத்த மாதிரி, ஆனா திரும்ப மாத்தக்கூடிய மாதிரி

ரேஸ் கம்ப்ரஷன் 12க்கு 1ன்னு இருந்தா பம்ப் பெட்ரோல்ல தட்டும், கலிஃபோர்னியாவுல பிரீமியமே 91 ஆக்டேன்தான். ஹெட்டை மாத்தி கம்ப்ரஷனைக் குறைங்க, பழைய ஹெட் பெட்டிக்கு. மேக்னெட்டோ (பேட்டரி இல்லாம ஸ்பார்க் குடுக்குற கருவி) இருந்தா அதையும் எடுத்து வெச்சுட்டு சாதாரண டிஸ்ட்ரிப்யூட்டர்.

ரியர் கியர்தான் ரோட்டுல ரொம்ப தொல்லை குடுக்கும். கணக்கு இதுதான், மைல் வேகத்தை கியர் விகிதத்தால பெருக்கி, அதை 336ஆல பெருக்கி, டயர் உயரம் இஞ்ச்ல எவ்ளோவோ அதால வகுக்கணும். 4.88 கியர், 29 இஞ்ச் டயர், மணிக்கு 60 மைல், அதாவது சுமார் 97 கிலோமீட்டர் போனா இன்ஜின் 3,390 ஆர்.பி.எம்ல அலறும். 3.50 கியர்னா அதே வேகத்துக்கு 2,430. வண்டில ஹாலிப்ராண்ட் க்விக் சேஞ்ச் ஆக்சில் இருந்தா நீங்க குடுத்து வெச்சவங்க, பின் மூடியைக் கழட்டி ரெண்டு கியரை மாத்துனா விகிதம் மாறிடும், ஆக்சிலைப் பிரிக்கவே வேண்டாம். ரேஸ் கியர் செட்டை அப்படியே துணில சுத்தி வெச்சுட்டு ரோடு செட் போட்டுக்கலாம். இல்லைன்னா சென்டர் செக்‌ஷன் இன்னொண்ணு வாங்கி மாத்துறது நல்லது, அசலைக் கைவைக்காதீங்க.

புதுசா லைட், இண்டிகேட்டர், சீட் பெல்ட் எதை மாட்டுனாலும் ஏற்கனவே இருக்கிற ஓட்டையைப் பயன்படுத்துங்க, இல்லைன்னா கிளாம்ப். பிளெக்ஸி, அதாவது பிளாஸ்டிக் கண்ணாடி இருந்தா முன்பக்கம் மட்டுமாவது லேமினேட்டட் சேஃப்டி கிளாஸ் போடணும், பழைய பிளெக்ஸில ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா அப்படியே தட்டையா பத்திரப்படுத்துங்க, உரிக்காதீங்க. பழைய ரோல் பாரை நம்பாதீங்க, கைக்கு கிடைச்ச பைப்பை வளைச்சு ஃப்ளோர் தகடுல மட்டும் வெல்ட் பண்ணது உண்டு. இன்னைக்கு என்.எச்.ஆர்.ஏ. விதிப்படி சாதாரண ஸ்டீல்னா 1¾ இஞ்ச் விட்டம், 0.118 இஞ்ச் தடிமன், அதை ஃப்ரேமோட சேர்க்கணும். ஒரு சின்ன ஓட்டை போட்டுப் பாத்தா தடிமன் தெரிஞ்சுடும்.

முதல் ஓட்டம் வீட்டைச் சுத்தி, அப்புறம் வந்து நிறுத்தி ஆற விட்டு ஹெட் நட், வீல் நட், ஸ்டீரிங் போல்ட், யூ போல்ட் எல்லாம் திரும்ப டைட் பாருங்க, ஹெட் நட் மட்டும் ரெண்டு மூணு தடவை சூடாகி ஆறுன பிறகும் பாக்கணும். பழைய வண்டிங்களுக்கான ரேஸ் நாள்ல ஸ்ட்ரிப்புக்கே கொண்டு போகணும்னா 11.49 செகண்டுக்கோ அதுக்கும் வேகமாவோ ஓடுனா ரோல் பார் கட்டாயம், 9.99ஐ தொட்டா முழு கேஜ் (டிரைவரைச் சுத்தி பைப் கூண்டு), ரேஸ் பெல்ட் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும், பெல்ட்லயே தேதி தைச்சிருக்கும், டெக் இன்ஸ்பெக்‌ஷன்ல முதல்ல அதைத்தான் புரட்டிப் பாப்பாங்க. அங்க குடுக்குற ஸ்டிக்கரை பழைய ஸ்டிக்கர் மேல ஒட்டிடாம தள்ளி ஒட்டுங்க, டைம் ஸ்லிப்பை தேதி எழுதி பழைய ஸ்லிப் இருக்கிற அதே கவர்ல போட்டு வெச்சுக்கோங்க.